ஆர்கேட் பெட்டிக்கு எந்த ஸ்கிரீன்? பலகையை அறுப்பதற்கு முன் கேட்கிறேன்

முஸ்தஃபா93 (சென்னை)

வணக்கம். ஆளுயர ஆர்கேட் பெட்டி (முன்பு கேம் கடைகளில் காசு போட்டு நின்று விளையாடிய வீடியோ கேம் பெட்டி) ஒன்று வீட்டிலேயே கட்டுகிறேன். 18 மி.மீ. ப்ளைவுட் வந்து இறங்கிவிட்டது. தெரிந்த ஆசாரி அடுத்த மாதம் வந்து அறுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உள்ளே ஓடப்போவது பழைய ஐ5 டெஸ்க்டாப், ஆர்எக்ஸ் 550 கிராஃபிக்ஸ் கார்டுடன். ஜாய்ஸ்டிக், பட்டன், அவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் என்கோடர் எல்லாம் தயார். ஸ்கிரீன்தான் முடிவாகவில்லை.

கைக்கு எட்டும் தூரத்தில் மூன்று இருக்கின்றன. புதிதாக 24 அங்குல ஃபுல் எச்டி (1920 x 1080 பிக்சல்) ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத எல்சிடி வகை) மானிட்டர் வாங்கலாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆபீஸ்களிலிருந்து வந்த 19 அங்குலச் சதுர மானிட்டர்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதில் ஒன்றை எடுக்கலாம். மூன்றாவதாக, மாமா வீட்டுப் பரணில் 21 அங்குல குண்டு டிவி (பிக்சர் டியூப் உள்ள பழைய டிவி) சும்மா கிடக்கிறது, கேட்டால் கொடுத்துவிடுவார். ஸ்கிரீனுக்கு என்று சுமார் 15,000 ஒதுக்கியிருக்கிறேன், கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். பெட்டியின் உள் அகலம் 60 செ.மீ. என்று வரைந்து வைத்திருக்கிறேன்.

விளையாடப் போவது முஸ்தஃபா (கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்தான், நம் ஊரில் யார் அந்தப் பெயரைச் சொன்னார்கள்), ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, பேக்மேன், கலாகா, 1943, ஆர்-டைப். எது சரியாக இருக்கும்?

---

நேர்க்கோடு (திருச்சி)

நல்ல வேளை, அறுப்பதற்கு முன் கேட்டீர்கள். முதலில் உங்கள் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். முஸ்தஃபா, ஸ்ட்ரீட் ஃபைட்டர், ஆர்-டைப் மூன்றும் படுக்கைவாட்டில் 4:3 (அகலம் 4, உயரம் 3). பேக்மேன், கலாகா, 1943 மூன்றும் நெட்டுக்குத்தாக 3:4. அந்தக் காலத்தில் நெட்டு கேம்களுக்குப் பிக்சர் டியூபையே 90 பாகை திருப்பிப் பெட்டிக்குள் மாட்டினார்கள். ஒரே பெட்டியில் இரண்டு வகையையும் ஓட்ட நினைக்கும்போதுதான் எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிறது.

கடையில் ஒட்டியிருக்கும் அங்குலத்தை மறந்துவிடுங்கள். திரையில் உண்மையில் தெரியப்போகும் படம் எத்தனை அங்குலம் என்று பார்க்க வேண்டும். நான் போட்ட கணக்கு இது, எல்லாம் குறுக்களவு:

24 அங்குல அகலத்திரையைப் படுக்கையாக வைத்தால் 4:3 படம் 19.6 அங்குலம், நெட்டுப் படம் 14.7 அங்குலம்.

19 அங்குலச் சதுர மானிட்டரில் 4:3 படம் 18.5, நெட்டுப் படம் 14.8.

27 அங்குலத்தில் 4:3 படம் 22, நெட்டுப் படம் 16.5.

32 அங்குலத்தில் 4:3 படம் 26, நெட்டுப் படம் 19.6.

அதாவது, புது 24க்கும் பழைய 19க்கும் படத்தின் அளவில் ஓர் அங்குலம்தான் வித்தியாசம். நெட்டு கேமில் அதுவும் இல்லை. மீதி விலையெல்லாம் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கப்போகும் பட்டைக்குத்தான் போகிறது. அசல் பேக்மேன் பெட்டியில் 19 அங்குல டியூப் நெட்டாக இருந்தது. அந்த அளவு படுக்கைத் திரையில் வேண்டுமென்றால் 32 அங்குலம் வாங்க வேண்டும். அது 71 செ.மீ. அகலம், உங்கள் பெட்டிக்குள் நுழையாது.

---

முஸ்தஃபா93

இந்தக் கணக்கை நான் போடவே இல்லை. 24 என்றால் 19ஐ விட ரொம்பப் பெரிது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மானிட்டரைச் சுழலும்படி மாட்டினால்? 24ஐத் திருப்பினால் நெட்டு கேமும் 19.6 வருமே?

---

நேர்க்கோடு

வரும். ஆனால் 53 செ.மீ. நீளமுள்ள மானிட்டர் சுழல வேண்டுமென்றால் அந்த அளவுக்கு மேலும் கீழும் இடம் விட வேண்டும், முன்னால் நிற்கும் கண்ணாடியும் மறைப்பும் இரண்டு நிலைக்கும் பொருந்த வேண்டும். செய்தவர்கள் இருக்கிறார்கள். முதல் பெட்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

---

எல்ஓடி (மதுரை)

டிவி ரிப்பேர்தான் என் தொழில். தம்பி, அந்தக் குண்டு டிவியை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள்.

இந்த கேம்களை வரைந்தவர்கள் எல்லோரும் பிக்சர் டியூபைப் பார்த்துக்கொண்டேதான் வரைந்தார்கள். 224 வரி, 240 வரி என்பதெல்லாம் டியூபில் வரிக்கு வரி நடுவே மெல்லிய கறுப்பு இடைவெளியோடு வரும். அந்த இடைவெளிதான் உருவத்துக்கு விளிம்பைக் கொடுக்கிறது. எல்சிடியில் அதே படம் கட்டம் கட்டமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். அப்புறம் அசைவு. டியூபில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணம் எரிந்து அணைந்துவிடும். எல்சிடியில் அடுத்த ஃப்ரேம் வரும்வரை, அதாவது 16.7 மில்லிசெகண்ட், அப்படியே நிற்கும். அதனால்தான் ஆர்-டைப் போல ஓடிக்கொண்டே இருக்கும் திரையில் கண்ணுக்குக் கலங்கல் தெரிகிறது.

மாமா வீட்டு டிவியில் பார்க்க வேண்டியது இவை. பின்னால் ஏவி இன் (வெளியிலிருந்து படத்தை வாங்கும் ஓட்டை) இருக்கிறதா? இருந்தால் 60 ஹெர்ட்ஸ் என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் பழைய டிவி முறை) சிக்னல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். படம் கலரில் நின்றால் பிரச்சினையே இல்லை. கறுப்பு வெள்ளையில் நின்றால் அந்த செட்டுக்கு என்டிஎஸ்சி கலர் தெரியாது. படம் உருண்டுகொண்டே இருந்தால் விட்டுவிடுங்கள். கடைசிக் காலத்தில் வந்த செட்கள் பெரும்பாலும் நம் ஊர் பிஏஎல் முறை, என்டிஎஸ்சி இரண்டையும் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று ஓட்டை உள்ள காம்பொனென்ட் இன்புட் இருந்தால் அதிர்ஷ்டம், ஒற்றை மஞ்சள் வயரை விடப் படம் எவ்வளவோ தெளிவாக இருக்கும். 100 ஹெர்ட்ஸ் என்று பெருமையாக எழுதியிருக்கும் 29 அங்குல செட் மட்டும் வேண்டாம். அது படத்தை உள்ளே வாங்கி, பிசைந்து, தாமதமாகத்தான் வெளியே விடும்.

---

பிக்சல்கணக்கு (பெங்களூரு)

எல்ஓடி அண்ணன் சொன்ன படத்தரம் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கேட்டவர் கட்டுவது குடும்பத்தோடு விளையாடும் பெட்டி. 21 அங்குல டிவியை மூடியைக் கழற்றிப் பெட்டிக்குள் மாட்டுவது புதியவர் செய்யும் வேலையா?

---

எல்ஓடி

இல்லை. அதை நானே சொல்ல வந்தேன். மூடியைக் கழற்றாமல், டிவியை அப்படியே ஒரு தட்டில் உட்கார வைத்து, முன்னால் மறைப்புப் பலகை அடிப்பதென்றால் யாரும் செய்யலாம். கழற்றினால் கதையே வேறு. 21 அங்குல டியூபில், ரப்பர் தொப்பி மாட்டியிருக்கும் அனோட் இடத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சுவிட்சை அணைத்து, ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அதைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ரப்பர் தொப்பிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, டியூபின் வெளிப்புற எர்த் கம்பியோடு இணைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். டியூபின் கழுத்து ஒரு தட்டுக்கே உடையும். பழைய செட்களில் சேசிஸே (உள்ளே இருக்கும் சர்க்யூட் சட்டம்) கரண்ட்டில் இருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், பெட்டியின் பின்கதவுக்குப் பூட்டு போடாமல் டியூப் வைக்கவே கூடாது.

டியூபை நெட்டாகத் திருப்புவதென்றால் இன்னொன்று. திருப்பியதும் மூலைகளில் நிறம் மாறி நிற்கும். செட்டை நன்றாக ஆறவிட்டு மறுபடி போட்டால் உள்ளேயிருக்கும் டீகாஸ் காயில் (டியூபில் ஏறிய காந்தத்தை நீக்கும் சுருள்) ஓரளவு சரிசெய்யும். பக்கத்தில் காந்தக் கவசம் இல்லாத ஸ்பீக்கர் வைத்தீர்களானால் அதுவும் போகாது.

---

ஸ்காபரோ_அரங்கம் (டொராண்டோ)

இங்கே என் கராஜில் உண்மையான பழைய பெட்டி ஒன்று நிற்கிறது, உள்ளே 19 அங்குல வெல்ஸ்-கார்ட்னர் கே7000 ஆர்கேட் மொனிட்டர். எல்ஓடி அண்ணை சொன்னது முழுக்கச் சரி. அந்தப் படத்துக்கு முன்னால் வேறு எதுவும் நிற்காது. கலாகாவின் நட்சத்திரங்கள் கறுப்பில் மின்னுவதை ஒருமுறை டியூபில் பார்த்தால் விளங்கும்.

ஆனால் ஆர்கேட் மொனிட்டர் வேறு, ரீவி வேறு, கம்ப்யூட்டர் மொனிட்டர் வேறு. இதைப் பலர் குழப்பிக்கொள்கினம். ஆர்கேட் மொனிட்டரும் ரீவியும் 15 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் வரி வரையும். கம்ப்யூட்டரின் விஜிஏ சிக்னல் 31 கிலோஹெர்ட்ஸில்தான் தொடங்கும். விஜிஏ வயரை ஏதோ ஒரு மாற்றுக் கம்பியால் ரீவியோடு நேராக இணைத்தால் படம் வராது, சில செட்களுக்குக் கேடும் வரும். 15 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் அனலாக் வெளியீடு உள்ள பழைய ரேடியான் கார்டு, எச்டி 5000, 6000 வரிசை போல ஒன்றை எடுத்து, சிஆர்டி எமுடிரைவர் என்ற டிரைவர் போட்டு, க்ரூவிமேம் என்ற எமுலேட்டரை (பழைய கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்) பாவிக்க வேணும். உங்கள் ஆர்எக்ஸ் 550இல் அனலாக் வெளியீடே கிடையாது.

எளிய வழி ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர். பழைய மாடல்களில் ஹெட்ஃபோன் ஓட்டையிலேயே கம்போசிட் (ஒற்றை மஞ்சள் வயர்) சிக்னல் வரும். அமைப்புக் கோப்பில் என்டிஎஸ்சி புரோகிரெஸிவ் என்று மாற்றினால் 240 வரி நேராக ரீவிக்குப் போகும்.

என்னுடையதைப் போல ஒரு ஆர்கேட் மொனிட்டரை இங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. 120 வோல்ட் சேசிஸ், தனி ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இயக்கவே கூடாது, வழியில் டியூப் தப்பினால் பெரிய காரியம். வேண்டாம்.

---

வெல்டிங்_வேல் (ஓசூர்)

கம்ப்யூட்டர் குண்டு மானிட்டரை யாரும் சொல்லவில்லையே. 17 அங்குல விஜிஏ மானிட்டர் காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கிறது.

---

ஸ்காபரோ_அரங்கம்

நல்ல கேள்வி. அது 15 கிலோஹெர்ட்ஸ் ஏற்காது, ஆனால் 240 வரியை வினாடிக்கு 120 தடவை கொடுத்தால் சரியாக 31 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிற்கும். வரி இடைவெளி அசல் போலவே தெரியும். கேம் 60 ஃப்ரேம்தான் தரும் என்பதால் ஒவ்வொரு படமும் இரண்டு தடவை அடிக்கப்பட்டு, அசைவில் இரட்டை உருவம் தெரியும். நடுவில் ஒரு கறுப்பு ஃப்ரேம் நுழைக்கும் வசதி ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளில் இருக்கிறது, அதைப் போட்டால் இரட்டை போய்விடும். ஒளி பாதியாகும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் செலவில்லாமல் டியூப் அனுபவம் வேண்டுவோருக்கு இதுதான் வழி. படம் 16 அங்குலம்தான் வரும், மேசை மேல் வைக்கும் சின்னப் பெட்டிக்குப் பொருந்தும்.

---

எல்ஓடி

சின்னப் பெட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. 2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி இன்னும் எத்தனையோ வீட்டுப் பரணில் இருக்கிறது. ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். டியூப் அதிகம் தேயாத செட் கிடைத்தால், ஏவி இன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுங்கள். மேசைப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது.

---

முஸ்தஃபா93

டியூபின் அருமை புரிகிறது. ஆனால் என் பிள்ளைகள் ஏழு வயதும் பத்து வயதும். பின்கதவுக்குள் 20,000 வோல்ட் என்று படித்த பிறகு பெரிய பெட்டிக்கு எல்சிடி என்றே முடிவு செய்கிறேன். மாமாவின் டிவியை மூடி கழற்றாமல் தனியாக வைத்துக்கொள்கிறேன், அதற்கு ராஸ்பெர்ரி பை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

இப்போது கேள்வி 19 சதுரமா, 24ஆ, 27ஆ என்பதுதான். ஃபுல் எச்டி போதுமா?

---

பிக்சல்கணக்கு

இதற்குத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கேமின் ஒரு பிக்சல் உங்கள் திரையில் முழு எண்ணிக்கையில் பெருக வேண்டும். 4 மடங்கு, 5 மடங்கு என்றால் எல்லாப் பிக்சலும் ஒரே அளவில் நிற்கும். 4.8 மடங்கு என்றால் சில வரி 4 பிக்சல் தடிமன், சில வரி 5. நிற்கும் படத்தில் லேசாகத்தான் தெரியும், திரை நகர ஆரம்பித்ததும் அந்தத் தடித்த வரி அலைபோல ஓடும். பார்த்துவிட்டால் கண் அங்கேயே போகும்.

ஃபுல் எச்டியில் உயரம் 1080. முஸ்தஃபா கேமின் உயரம் 224 வரி. வகுத்தால் 4.82. முழு எண்ணுக்கு இறங்கினால் 4 மடங்கு, 896 வரி. திரை உயரத்தில் 83 சதவீதம்தான், மேலும் கீழும் 92 பிக்சல் வீண். 240 வரி கேமுக்கு 4.5, அதுவும் உடைகிறது. ரெட்ரோ கேமுக்கு 1080 என்பது மிகப் பொருத்தமற்ற எண்.

சதுர மானிட்டர் 1280 x 1024. அதில் 1280 x 960 எடுத்துக்கொண்டால் 240 வரிக்குச் சரியாக 4 மடங்கு, மேலும் கீழும் 32 பிக்சல்தான் மிச்சம். கேட்பதற்கு ஆச்சரியமாக இருக்கும், ஆனால் கணக்கில் அந்தப் பழைய ஆபீஸ் மானிட்டர் புது ஃபுல் எச்டியை விட நன்றாக உட்காருகிறது. இதைவிட அழகு 20 அங்குல 1600 x 1200. உண்மையான 4:3, 240 வரிக்கு 5 மடங்கு, பட்டையே இல்லை. டெல் 2007எஃப்பி, எச்பி எல்பி2065 போன்ற மாடல்கள். நம் ஊரில் எப்போதாவதுதான் கண்ணில் படும், பட்டால் விடாதீர்கள்.

27 அங்குல 1440 வரி மானிட்டரைப் பாருங்கள். 240க்கு 6 மடங்கு, மிச்சமில்லை. 224க்கு 6 மடங்கு 1344, உயரத்தில் 93 சதவீதம். பேக்மேனும் கலாகாவும் நெட்டு கேம், உயரம் 288. 288 x 5 = 1440. படுக்கைத் திரையில் நெட்டு கேம் மேலிருந்து கீழ்வரை ஒரு பிக்சல்கூட வீணாகாமல் நிற்கும்.

அகலத்தில் ஒரு சிக்கல் உண்டு. முஸ்தஃபாவும் ஸ்ட்ரீட் ஃபைட்டரும் ஓடிய கேப்காமின் சிபிஎஸ் போர்டு 384 x 224 படத்தை 4:3 ஆக இழுத்துக் காட்டியது, ஒவ்வொரு பிக்சலும் அகலம் குறைந்தது. அதனால் உயரத்துக்கு முழு எண் போட்டாலும் அகலத்தில் உடையும். அகலத்துக்கும் முழு எண் போட்டால் ரியூவும் கென்னும் குண்டாகத் தெரிவார்கள். அதற்கு ஷார்ப் பைலினியர் என்ற ஷேடர் (திரைக்குப் போகும் முன் படத்தை மாற்றும் சின்ன நிரல்) போடுங்கள், உடைந்த விளிம்புகளை மட்டும் மெல்லக் கலக்கும். கண்ணுக்குத் தெரியாது.

---

வெல்டிங்_வேல்

டியூப் போலக் காட்டும் ஷேடர் போட்டால் இந்த முழு எண் கவலையே வேண்டாம் என்கிறார்களே?

---

பிக்சல்கணக்கு

குறையும், போய்விடாது. ஷேடர் ஒரு பழைய வரியை வரைய, நடுவில் பிரகாசமும் ஓரத்தில் இருளுமாகப் பல பிக்சல் வேண்டும். 1080இல் நாலரைதான் கிடைக்கிறது, வளைந்த கண்ணாடி விளைவையும் சேர்த்தால் வலைபோன்ற கோலம் விழும். 1440இல் 6 கிடைக்கிறது, நன்றாக இருக்கும். 4கேயில் 9. டியூபின் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளையும் சேர்த்துக் காட்டும் கனமான ஷேடர்களுக்கு 4கேதான் சரி, ஆனால் ஆர்எக்ஸ் 550 அதற்கு மூச்சு வாங்கும். 1440இல் சிஆர்டி-ஜியோம் போல லேசான ஷேடர் போதும்.

---

நேர்க்கோடு

பேனல் வகையை யாரும் தொடவில்லை. சதுர மானிட்டர்களில் பெரும்பாலானவை டிஎன் என்ற மலிவு வகை எல்சிடி பேனல். மேசையில் நேராக உட்கார்ந்து பார்க்கும்போது தெரியாது. ஆர்கேட் பெட்டியில் நாம் நின்றுகொண்டு மேலிருந்து பார்க்கிறோம், டிஎன் உடனே வெளிறிப்போகும். நெட்டாகத் திருப்பினால் இன்னும் மோசம்: இடப்பக்கம் நிற்பவருக்கு ஒரு நிறம், வலப்பக்கம் நிற்பவருக்கு வேறு நிறம். முஸ்தஃபா கேமுக்கு மூன்று பேர் நிற்பார்கள். ஐபிஎஸ் தவிர வேறு வாங்காதீர்கள். விஏ என்ற மூன்றாவது வகைப் பேனலில் கறுப்பு ஐபிஎஸ்ஸை விட ஆழமாக இருக்கும், கலாகாவுக்கு அழகுதான், ஆனால் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு மாறும்போது பல விஏக்கள் பின்னால் கறை இழுக்கும். ஆர்-டைப்பில் அதைச் சகிக்க முடியாது.

அடுத்து ரெஃப்ரெஷ், அதாவது வினாடிக்கு எத்தனை படம் என்பது. இதை 60 என்று நினைத்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். பேக்மேன் 60.6 ஹெர்ட்ஸ். சிபிஎஸ் போர்டு 59.6. நியோ ஜியோ என்ற இன்னொரு போர்டு 59.2. ஆர்-டைப் 55. மார்ட்டல் காம்பாட் 54.7. சாதாரண 60 ஹெர்ட்ஸ் திரையில் ஆர்-டைப்பை அதன் சொந்த வேகத்தில் ஓட்டினால் திரை விட்டுவிட்டு நகரும். திரையின் வேகத்துக்கு இழுத்தால் கேமும் பாட்டும் 9 சதவீதம் வேகமாகிவிடும், மனப்பாடமாக விளையாடுகிறவருக்குக் கை தப்பும். ஃப்ரீசிங்க் உள்ள மானிட்டர் கேம் எந்த வேகத்தில் வருகிறதோ அந்த வேகத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்ளும். பலவற்றில் கீழ் எல்லை 48 ஹெர்ட்ஸ், நம் கேம்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். உங்கள் ஆர்எக்ஸ் 550 ஃப்ரீசிங்க் தரும், டிஸ்ப்ளேபோர்ட் வயரில் இணையுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய சதுர மானிட்டரை நான் தள்ளிவைப்பேன்.

---

எல்ஓடி

தாமதம்? பட்டனை அமுக்கியதற்கும் குத்து விழுவதற்கும் நடுவில் எல்சிடி எப்போதும் பிந்தும். டியூபில் சிக்னல் வந்த கணமே ஒளி.

---

நேர்க்கோடு

டிவிகளுக்கு அது உண்மை, கேம் மோட் போடாவிட்டால் சில ஃப்ரேம்கள் வரை பிந்தும். நல்ல கம்ப்யூட்டர் மானிட்டர் அப்படியில்லை, அதுவும் மேலிருந்து கீழாக வரி வரியாகத்தான் படத்தை மாற்றுகிறது, நடுவில் அது செலவழிப்பது சில மில்லிசெகண்ட். 144 ஹெர்ட்ஸ் பேனல் ஒரு ஃப்ரேமை 7 மில்லிசெகண்டில் மேலிருந்து கீழ்வரை எழுதி முடித்துவிடும், டியூப் அதே ஃப்ரேமுக்கு 16 எடுத்துக்கொள்ளும். மிச்சத் தாமதம் எமுலேட்டரில்தான் இருக்கிறது. ரெட்ரோஆர்ச்சில் ரன்-அஹெட் (கேமை முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் வசதி) ஒரு ஃப்ரேம் வைத்தால், கேமுக்குள்ளேயே இருந்த தாமதத்தில் ஒரு ஃப்ரேம் குறைந்துவிடும்.

---

எல்ஓடி

அப்படியென்றால் தாமதத்தில் ஒப்புக்கொள்கிறேன். அசைவின் தெளிவில் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது டியூபுக்கு மட்டும்தான்.

---

தெம்பனிஸ்_தம்பி (சிங்கப்பூர்)

அசைவுக்கு இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் ப்ளர் பஸ்டர்ஸ் இணையதளத்தார் ஒரு ஷேடர் வெளியிட்டார்கள், டியூபின் கதிர் மேலிருந்து கீழாக ஓடுவதை 240 ஹெர்ட்ஸ் திரையில் துண்டு துண்டாகப் போட்டுக் காட்டும். ஓஎல்இடியில் பார்த்தேன், எல்ஓடி அண்ணன் பார்த்தால் அவருக்கே பிடிக்கும். ஆனால் ஓஎல்இடி விலை உங்கள் பட்ஜெட்டில் இல்லை. ஒரே இடத்தில் நிற்கும் ஸ்கோர், பக்கப் பட்டை எல்லாம் நாளடைவில் தழும்பாகும் என்பதும் உண்டு.

இரண்டு வகை கேமையும் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றால் எல்ஜி ட்யூவல்அப், 16:18 திரை, 27.6 அங்குலம், ஐபிஎஸ். சுழற்ற வேண்டியதே இல்லை: படுக்கை கேம் 22.9, நெட்டு கேம் 25.8 அங்குலம். 60 ஹெர்ட்ஸ் பேனல், விலையும் அதிகம். இப்படி ஒன்று இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

---

முஸ்தஃபா93

27 அங்குலம், 1440 வரி, ஐபிஎஸ், ஃப்ரீசிங்க், 144 ஹெர்ட்ஸ் அல்லது மேல். இதுதான் என் தேர்வு. பட்ஜெட்டைக் கொஞ்சம் தாண்டும், பரவாயில்லை. நெட்டு கேம் 16.5 அங்குலம் வருவதில் எனக்குச் சம்மதம், இரண்டு பக்கமும் அந்தந்த கேமின் ஓவியத்தைப் போட்டுக்கொள்கிறேன். முஸ்தஃபா 22 அங்குலத்தில் வரும், மூன்று பேருக்கு அதுதான் முக்கியம்.

மாட்டும் வேலையில் என்ன கவனிக்க வேண்டும்?

---

ஆணி_அடிக்காதே (கோவை)

பெட்டிகள் கட்டிக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் மானிட்டரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். டேப் வைத்து அளந்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள். 27 அங்குல மானிட்டரின் வெளி அகலம் சுமார் 61 செ.மீ. இருக்கும், நீங்கள் வரைந்த 60இல் நுழையாது. உள் அகலம் 64 வையுங்கள், கை நுழைந்து திருகாணி முடுக்க இடம் வேண்டும். ப்ளாஸ்டிக் சட்டத்தைக் கழற்றி ஒடுக்க நினைக்காதீர்கள், மெல்லிய பேனல்கள் வளைந்தால் ஓரத்தில் வெளிச்சம் கசியும்.

கடையிலேயே ஒன்றைச் சோதியுங்கள். மானிட்டர் எரியும்போது சுவரில் ப்ளக்கைப் பிடுங்கி, மறுபடி சொருகுங்கள். தானாக எரிந்து படம் வந்தால் வாங்கலாம். ஸ்டாண்ட்பையில் நின்று பட்டனை அமுக்கச் சொன்னால் வேண்டாம், ஏனென்றால் அந்தப் பட்டன் பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு தடவையும் பின்கதவைத் திறக்க வேண்டியிருக்கும்.

பின்னால் வெசா ஓட்டை (மானிட்டரைத் திருகாணியால் மாட்டும் நான்கு ஓட்டை) இருக்க வேண்டும், 100 x 100 மி.மீ. பெட்டியின் குறுக்கே ஒரு பலகை, அதில் மானிட்டர், பலகையின் இரு முனையிலும் நீள ஓட்டை. அப்போது சாய்வை நின்று பார்த்து மாற்றலாம். செங்குத்திலிருந்து 15, 20 பாகை பின்னால் சாய்த்து ஆரம்பியுங்கள், அப்புறம் பிள்ளைகளையும் நிற்க வைத்துப் பாருங்கள். மூன்று பேர் ஜாய்ஸ்டிக் பலகை எப்படியும் பெட்டியை விட அகலமாகத்தான் வரும், அது இரு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கட்டும், அதற்காகப் பெட்டியை விரிக்க வேண்டாம்.

---

முஸ்தஃபா93

முன்னால் அக்ரிலிக்கா, கண்ணாடியா?

---

ஆணி_அடிக்காதே

கண்ணாடி. அக்ரிலிக் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், பிள்ளைகள் கைபட்டால் மாதத்தில் மங்கிவிடும். 5 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி சொல்லுங்கள். அதை டஃபன் செய்த பிறகு வெட்டவோ ஓட்டை போடவோ முடியாது, அதனால் மானிட்டரை மாட்டி, சாய்வை இறுதி செய்து, அட்டையில் அச்சு வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகு கடைக்கு அளவு கொடுங்கள். மானிட்டர் சட்டத்தை மறைக்க, கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு மேட் சார்ட் பேப்பர் போதும். பளபளப்பான கறுப்பு வேண்டாம், ட்யூப்லைட் அதில் தெரியும்.